காற்று நிரம்பாத கைத்துப்பாக்கி



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உங்களிற் சிலருக்கு வியப்பைத் தரலாம். அமுக்கிய காற்றின் வலிமையால் ஈயச் சன்னத்தை எறியும் வளிக் கைத்துப்பாக்கியைப் பற்றியும், அதனுள் காற்று ஒழுங்காக நிரம்பாதபோது குறையை எவ்விடத்தில் தேடுவது என்பதைப் பற்றியும் பேசப்போகின்றேன். இலக்கியமும் வரலாறும் படிப்பித்துத் தலைநரைத்த ஒரு பாடசாலை அதிபருக்கு இதிலே என்ன அலுவல் என்று நீங்கள் கேட்பது நியாயமே. என்னிடம் முன்னர் கல்வி கற்ற மாணவர் ஒருவர் ஜேர்மனியிலே வாழ்ந்து வருகின்றார். அந்நாட்டிலே சிற்றூர்களிலுங்கூடக் குறிபார்த்துச் சுடுஞ் சங்கங்கள் உண்டு. அத்தகைய சங்கமொன்றில் உறுப்பினரான அவர், தமது துப்பாக்கியின் அமுக்கமானி 160 பாருக்கு மேல் ஏற மறுக்கின்றது என்றும், திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்து இறப்பர் வளையங்களையெல்லாம் மாற்றுவித்துப் பணமுங் கொடுத்த பின்னரும் அது 160 பாரிலேயே நிற்கின்றது என்றும் எனக்கு எழுதியிருந்தார். ஆசிரியர் என்றால் எல்லாம் அறிந்தவர் என்ற பழைய நம்பிக்கை அவரை விட்டு இன்னும் நீங்கவில்லைப் போலும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றும்பொருட்டு நான் படித்தறிந்தவற்றையே இப்பொழுது உங்கள்முன் வைக்கின்றேன்.

முதலிற் கருவியை அறிந்துகொள்வோம். பத்து மீற்றர் தூரத்திலே நின்று, ஒற்றைக் கையை நீட்டி, 4.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஈயச் சன்னத்தால் இலக்கை அடிக்கும் போட்டி, 1988ஆம் ஆண்டு சியோல் நகரில் நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவிலே முதன்முறையாக இடம்பெற்றது. பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர் மாத்திரமே. ஒருவர் 75 நிமிடத்துள் 60 முறை சுடவேண்டும். அறுபதாவது சன்னமும் முதலாவது சன்னம் சென்ற அதே வேகத்தோடு செல்லவேண்டும். காற்று அரைகுறையாக நிரம்பியிருப்பின், தொடக்கத்திலே ஒன்றுந் தோன்றாது. கடைசிப் பத்துச் சூடுகளிலே சன்னங்கள் தாழத் தாழ விழும். சுடுபவரோ தமது கையையே நொந்துகொள்வார். ஆண்டுக்கணக்காகப் பயின்ற ஒருவரின் உழைப்பு இவ்வாறு ஒரு சிறிய வால்வின் குறையால் வீணாவதுண்டு.

இத்துப்பாக்கியிலே குழலின் கீழே விரற்பருமனுக்குச் சற்று மேற்பட்ட உலோக உருளை ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதனைக் கழற்றி, சுழியோடிகள் முதுகிற் சுமக்கும் பெரிய காற்றுக் கலத்தோடு ஓர் இணைப்பின் மூலந் திருகிக் காற்றை நிரப்புவர். நிரப்பும் அமுக்கம் 200 பார்; அஃதாவது நம்மைச் சூழ்ந்திருக்கும் வளிமண்டல அமுக்கத்தைப்போல ஏறத்தாழ இருநூறு மடங்கு. துவிச்சக்கரவண்டியின் ரயருக்குள் இருப்பது மூன்று நான்கு பார் அளவே. ஒரு சதுர சென்ரிமீற்றர் பரப்பு ஒரு விரல் நகத்தின் அளவாகும். 200 பாரிலே அவ்வளவு இடத்தின்மீது ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசை தாக்கும். நான்கு பேர் ஏறி உங்கள் நகத்தின்மீது நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இனிச் சொல்லப்போகும் யாவற்றையும் இந்த எண்ணத்தை மனத்தில் இருத்திக்கொண்டே கேட்கவேண்டும்.

காற்று நிரம்பவில்லை என்று ஒருவர் சொல்லும்போது அவர் மூன்று வேறு குறைகளில் ஒன்றைச் சொல்லுகின்றார். காற்று வந்து சேரவில்லை என்பது ஒன்று. வந்த காற்று உள்ளே புகவில்லை என்பது மற்றொன்று. புகுந்த காற்று நிலைக்கவில்லை என்பது வேறொன்று. துவிச்சக்கரவண்டிக்குக் காற்றடிக்கும் சிறுவனுக்கு இவ்வேறுபாடு நன்கு தெரியும். பம்பிலே குறையா, வால்வு அடைத்துக்கொண்டதா, ரியூப்பிலே ஓட்டையா என்று அவன் முதலிலே பார்ப்பான். எடுத்த எடுப்பிலே ரயரைக் கழற்ற மாட்டான். விலையுயர்ந்த கருவியைக் கையில் வைத்திருக்கும் பெரியவர்களோ இதை மறந்து, திருகாணிக் கருவியை எடுத்துவிடுகின்றார்கள்.

என் மாணவரின் குறை முதலாவது வகையைச் சேர்ந்தது. காற்று பெரிய கலத்திலிருந்து சிறிய உருளைக்குத் தானாகவே பாய்கின்றது. இரண்டிலும் அமுக்கம் சமமானவுடன் பாய்தல் நின்றுவிடும். ஆகவே பெரிய கலத்திலே 160 பார் மாத்திரம் எஞ்சியிருப்பின், துப்பாக்கியிலே 160 பாருக்கு மேல் ஒருபோதும் ஏறாது. எத்தனை வளையங்களை மாற்றினாலும் ஏறாது. 12 லீற்றர் கொள்ளளவுள்ள கலமொன்றை 200 பாருக்கு நிரப்பிவைத்து, பத்திலொரு பங்கு லீற்றர் கொள்ளும் சிறிய உருளைகளை, 50 பார் எஞ்சிய நிலையில், ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அதிலிருந்து நிரப்புவதாகக் கொள்வோம். முதலாவது உருளை ஏறத்தாழ 199 பார் பெறும். இருபதாவது உருளைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 177 பார். ஐம்பதாவது உருளை 150 பாரையுந் தொடாது. கலத்திலே காற்று நிறைய இருக்கின்றதே என்று திறந்து பார்ப்பவருக்குத் தோன்றும். சீறிக்கொண்டு வருவதைக் காதாலுங் கேட்பார். ஆயினும் வேண்டிய அமுக்கம் அங்கே இராது. சங்கத்தின் கலத்திலுள்ள மானியை முதலிற் பாருங்கள் என்று அவருக்கு எழுதினேன். அது 160 பாரைக் காட்டியதாக மறு கடிதத்திலே அறிவித்தார். வளையங்களுக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை.

காற்று வந்து சேராமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கலத்தையும் துப்பாக்கியையும் இணைக்குங் குழாயிலே, நிரப்பி முடிந்தபின் இடையிலே தங்கிய காற்றை வெளியேற்றுவதற்குச் சிறிய திருகாணி ஒன்று இருக்கும். முந்திய தடவை அதைத் திறந்தவர் இறுக்காமல் விட்டிருப்பின், காற்று அவ்வழியே சீறிப்போய்விடும். இதனைக் கண்டுபிடிக்க எந்த நூலும் வேண்டியதில்லை, காது போதும். ஆனால் அத்திருகாணியைத் தேவையற்றதென்று எண்ணிவிடலாகாது. கலத்தின் வாயை மூடியபின் அதைத் திறந்து இடைக்காற்றை விட்டு, சீறல் முற்றாக அடங்கிய பின்னரே உருளையைக் கழற்றவேண்டும். அவ்வாறு செய்யாமல் வலிந்து கழற்ற முயல்வோர் கையிலே, அகப்பட்ட காற்று எத்தகைய காயத்தை உண்டாக்கும் என்பதை நகத்தின்மீது நின்ற நால்வரை நினைத்தால் உணரலாம்.

இனி, உள்ளே புகாத காற்றைப் பார்ப்போம். இது சற்று நுணுக்கமானது. சில கைத்துப்பாக்கிகளிலே காற்றறை கழற்றக்கூடியதன்று. துப்பாக்கியோடு ஒன்றாகவே அமைந்திருக்கும். அவற்றுள் காற்று முற்றாகத் தீர்ந்துபோனபின் மீண்டும் நிரப்ப முயலும்போது, ஊட்டிய காற்றெல்லாம் குழல்வாய் வழியே வெளியேறிவிடுவதைக் காணலாம். வால்வு உடைந்துவிட்டது என்றே எவரும் எண்ணுவர். பெரும்பாலும் அது உடைந்திராது. விசையை இழுத்தவுடன் முன்சென்று வால்வைத் தட்டித் திறக்கும் அடிப்பான் ஒன்று உள்ளே உண்டு. அதன் பின்னே வலிய சுருள்வில் இருக்கின்றது. உள்ளே அமுக்கம் உள்ளபோது காற்றே வால்வை அழுத்தி மூடிவைக்கும். காற்று முற்றாகத் தீர்ந்துவிட்டாலோ, வில்லின் தள்ளுதலால் அடிப்பான் வால்வின் தண்டின்மீது சாய்ந்து அதைச் சிறிதளவு திறந்தே வைத்திருக்கும். அடைக்க வேண்டிய காற்று இல்லை. காற்று சேர வேண்டுமாயின் வால்வு அடைபட வேண்டும். கதவைப் பூட்டத் திறப்பு வேண்டும், திறப்போ பூட்டிய வீட்டினுள் என்பது போன்ற நிலை இது.

இதற்குப் பரிகாரம் எளிது. சன்னம் இல்லை என்பதை இரு தடவை உறுதிசெய்து, குழலைத் தீங்கற்ற திசைக்குத் திருப்பி, விசையிலே விரலை வைக்காமல், அடிப்பானைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திக்கொண்டு நிரப்பினால், வால்வு தன் சிறிய வில்லினாலேயே மூடிக்கொள்ளும். கைப்பம்பினால் நிரப்புவோருக்கு இது மிகவும் வேண்டியது. கைப்பம்பின் முதல் அடிகள் மெலிந்தவை. சோர்ந்த வால்வை அறைந்து மூடும் வலிமை அவற்றுக்கு இல்லை. கணக்கற்ற துப்பாக்கிகள் இந்த ஒரு காரணத்துக்காகவே வீணாகத் திருத்தகங்களுக்குச் சென்று வந்திருக்கும் என்பது என் எண்ணம்.

முற்காலத்திற் போட்டிகளிலே பெரிதும் வழங்கிய காபனீரொட்சைட்டுத் துப்பாக்கிகளின் கதை வேறு. இன்றைய போட்டிக் கருவிகளிலே அவற்றின் இடத்தை அமுக்கிய காற்றே பிடித்துக்கொண்டது. ஆயினும் பழையவற்றை இன்னும் பேணி வருவோர் உளர். அவ்வாயு உருளைக்குள் திரவமாகவே நிரம்பவேண்டும். பெரிய கலமும் சிறிய உருளையும் ஒரே வெப்பநிலையில் இருப்பின் இரண்டிலும் அமுக்கம் ஒன்றே. திரவம் பாயாது, சிறிதளவு வாயுவே செல்லும். ஆகவே சிறிய உருளையைக் குளிர்சாதனப் பெட்டியிலே வைத்துக் குளிரச்செய்து, பின்னர் நிரப்புவது வழக்கம். 20 பாகை செல்சியஸ் வெப்பத்திலே அதன் அமுக்கம் ஏறத்தாழ 57 பார். உறைநிலையிலே ஏறத்தாழ 35 பார். அந்த வேறுபாடே திரவத்தைத் தள்ளுகின்றது. 31 பாகைக்குச் சற்று மேலே சென்றாலோ காபனீரொட்சைட்டு எவ்வளவு அமுக்கினும் திரவமாக இராது. யாழ்ப்பாணத்துச் சித்திரை மாத நண்பகலிலே, நிழலிலுங்கூட, அந்த எல்லை எளிதாகக் கடக்கப்பட்டுவிடும். குளிர்நாட்டு நூலிலே எழுதிய முறை வெப்பநாட்டிலே தவறுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடவேண்டியதில்லை. நிரப்பியபின் உருளையைத் தராசிலே நிறுத்து, உற்பத்தியாளர் குறித்த நிறைக்கு மேற்படாமற் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிரிலே விளிம்புவரை நிரம்பிய திரவம் வெயிலிலே விரிவடையுமாயின் உருளை தாங்காது.

மூன்றாவது குறைக்கு வருவோம். காற்று வந்தது, புகுந்தது, ஆனால் அரைமணி நேரத்தின் பின் மானி இறங்கியிருக்கின்றது. இங்கே ஒரு மாயத்தை முதலில் நீக்கவேண்டும். காற்றை விரைந்து நிரப்பும்போது அது சூடேறும். துவிச்சக்கரவண்டிப் பம்பின் அடிப்பாகம் கையைச் சுடுவதை அறியாதார் யார்? 57 பாகை வெப்பத்திலே 200 பாரைக் காட்டிய உருளை, 27 பாகைக்குக் குளிர்ந்தபின் ஏறத்தாழ 182 பாரையே காட்டும். ஒரு துளி காற்றும் கசியவில்லை. வெப்பம் போயிற்று, அவ்வளவே. ஆகையால் மெல்ல நிரப்பி, ஆறவிட்டு, மீண்டும் சிறிது நிரப்பி, அதன் பின்னரே மானியை நம்பவேண்டும்.

ஆறியபின்னும் இறங்குமாயின் கசிவு உண்மையே. எங்கே என்று அறிவதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. கழற்றக்கூடிய உருளையாயின், அதனைத் துப்பாக்கியிலிருந்து நீக்கி, அமுக்கத்தைக் குறித்துக்கொண்டு, இரவு முழுவதும் தனியே வைத்துவிடுங்கள். காலையிலே அமுக்கம் குறைந்திருந்தாற் குறை உருளையின் வால்விலே. குறையாதிருந்தாற் குறை துப்பாக்கியின் உள்ளே. ஓர் இரவு பொறுத்திருப்பதால் பாதி வேலை முடிந்துவிடுகின்றது. பொறுமை இல்லாதவரே முதலிற் கழற்றத் தொடங்குகின்றார்.

அதன்பின் சவர்க்கார நீர். பொருத்துகளின்மீது அதைத் தூரிகையாற் பூசினால், கசியுமிடத்திலே குமிழிகள் எழும். குழல்வழியே கசிகின்றதா என்றறிய, சன்னமற்ற துப்பாக்கியின் குழல்வாயிலே மெல்லிய பலூன் ஒன்றை மாட்டி வைத்தால், அது மெல்ல உப்பிக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலான கசிவுகளுக்குக் காரணம் பொருத்திலுள்ள வட்ட இறப்பர் வளையமே. அது வெட்டுண்டிருக்கலாம், காய்ந்து விறைத்திருக்கலாம், அல்லது மணற்றுணிக்கை ஒன்று அதன்மேல் ஏறி அமர்ந்திருக்கலாம். கண்ணுக்குப் புலப்படாத நூலிழை ஒன்றுகூட 200 பாருக்கு வழிவிடப் போதும்.

இந்தக் குறை புதியதன்று. 1780ஆம் ஆண்டளவில் ஒஸ்திரிய இராணுவம் ஜிராந்தோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போர்க்களத்துக்கு எடுத்துச் சென்றது. அதன் பிடியே காற்றறை. அதை நிரப்பக் கைப்பம்பினால் ஏறத்தாழ 1500 தடவை அடிக்கவேண்டும். அக்காலத்தில் இறப்பர் வளையம் ஏது? காற்றை அடைத்து நின்றது தோல். அத்தோல் ஈரமாயிருக்கும்வரை காற்றைக் காக்கும். காய்ந்து சுருங்கிவிட்டால் நிரப்பிய காற்றெல்லாம் போய்விடும். மழையிலுஞ் சேற்றிலும் அதைப் பேணுவது படைவீரர்க்குப் பெருந்தொல்லையாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அத்துப்பாக்கி படையிலிருந்து நீக்கப்பட்டது. ஆயினும் அந்த வகையில் ஒன்றே 1803 முதல் 1806 வரை அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த லூயிஸ், கிளார்க் குழுவினரோடு சென்றதென்று ஆய்வாளர் பலர் கொள்வர்.

கையாலேயே நெம்பி அமுக்கும் எளிய துப்பாக்கிகளுக்கும் ஒரு வார்த்தை. இரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரிற் செய்யப்பட்ட இஷ்-46 போன்றவற்றிலே ஒரே நெம்புதலிற் காற்று அமுக்கப்படும். நெம்புகோல் எதிர்ப்பின்றி இலகுவாக வந்துவிட்டால், உந்தியின் வளையம் காய்ந்துவிட்டதென்க; உற்பத்தியாளர் குறித்த எண்ணெய் ஓரிரு துளி பெரும்பாலும் அதை உயிர்ப்பிக்கும். அமெரிக்காவின் குறொஸ்மன் 1377 போன்றவற்றைப் பலமுறை நெம்பவேண்டும். ஆயின் பத்துக்கு மேலாகாது. மேலும் நெம்பினால் உள்ளமுக்கம் வால்வை இறுக மூடிவிட, அடிப்பானாற் திறக்க இயலாமற் போகும். சூடு வலுப்பதற்குப் பதிலாக மெலியும். அவ்வகைத் துப்பாக்கியை வைத்துப் பேணும்போது ஒரு நெம்பலளவு காற்றை உள்ளே விட்டுவைப்பது வால்வுக்கு நல்லது.

எண்ணெய் என்ற சொல் வந்துவிட்டபடியால் இதனையும் சொல்லவேண்டும். 200 பார் அமுக்கமுள்ள வால்விலே தையல் இயந்திர எண்ணெயையோ கிறீசையோ ஒருபோதும் இடலாகாது. டீசல் எந்திரத்திலே தீப்பொறி இன்றியே எண்ணெய் பற்றிக்கொள்வது காற்று விரைந்து அமுக்கப்பட்டுச் சூடேறுவதனாலன்றோ? அதே நிகழ்ச்சி உங்கள் கைக்குள் நிகழும். சிலிக்கோன் கிறீசு ஒன்றே இதற்கு உகந்தது. அதுவும் வளையம் மினுங்கும் அளவே. இதைவிடக் கொடியது ஒட்சிசன். காற்றுக் கலம் கிடைக்கவில்லையென்று ஒட்டுவேலைக் கடையிலோ மருத்துவச் சாலையிலோ உள்ள ஒட்சிசன் கலத்தினால் நிரப்ப எண்ணுவோர், அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிடவேண்டும். ஒட்சிசனோடு சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கு வெடிமருந்துக்கு ஒப்பானது.

அமுக்கம் உள்ள உருளையின் வால்வை எவருங் கழற்றலாகாது. கசிவு உருளையிலே என்று இரவுச் சோதனை காட்டுமாயின், காற்றை முற்றாக வெளியேற்றி, உற்பத்தியாளரிடமோ அவரால் ஏற்கப்பட்ட திருத்துநரிடமோ அனுப்புவதே முறை. உருளையின்மேல் செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். போட்டி உருளைகளுக்குப் பல உற்பத்தியாளர் பத்தாண்டு எல்லை விதித்துள்ளனர். உருளை காலாவதியாகாதிருப்பதைப் பார்த்துக்கொள்வது போட்டியாளரின் பொறுப்பு என்று சர்வதேச விதிகளுங் கூறுகின்றன. பத்தாண்டு கடந்த உருளை நன்றாகவே நிரம்பக்கூடும்; மானி 200 பாரில் அசையாது நிற்கவுங்கூடும். அதனை அப்பொழுதும் நிரப்பாதீர்கள். காற்றை விட்டு, வேறொருவர் எடுத்துப் பயன்படுத்தாதவாறு பழுதாக்கி, அதன் பின்னரே எறியவேண்டும்.